மார்ஜின் கணக்கு: கடன் வாங்கிப் பங்கு வாங்கலாமா?



சபாக்கில் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது ஒரு தம்பி கைப்பேசியைக் கொண்டுவந்து நீட்டினார். "அண்ணா, பத்தாயிரம் வெள்ளி போட்டா இருபத்தஞ்சாயிரத்துக்குப் பங்கு வாங்கலாம்னு இதுல போட்டிருக்கு. மீதிய அவங்களே கொடுப்பாங்களாம். பொய்தானே?" பொய் இல்லை தம்பி, உண்மைதான் என்றேன். அது அவருக்கு இன்னும் ஆச்சரியமாகப் போய்விட்டது. பத்து நிமிஷத்தில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை என்பதால் இந்த மாதப் பாடத்தை அதற்கே ஒதுக்கிவிட்டேன்.

சமயப் பத்திரிகையில் பங்குச் சந்தைக்கு என்ன வேலை என்று பெரியவர்கள் யாராவது கேட்கலாம். அறம், பொருள், இன்பம், வீடு என்ற நான்கில் பொருளும் ஒன்று, அதுவும் அறத்துக்கு அடுத்த இடத்தில். நம் பக்கத்துப் பிள்ளைகள் செம்பனைத் தோட்டத்தை விட்டுக் கிள்ளான், ஷா ஆலாம் என்று போய் நாலு காசு பார்க்கிறார்கள். அந்த நாலு காசைத் தேடி வருகிற விளம்பரம் கைப்பேசி வழியாகக் கோயில் மண்டபத்துக்குள்ளேயே வந்துவிடுகிறது. அது என்னவென்று தெரிந்துவைத்துக்கொள்வதில் தப்பில்லை.

சாதாரணக் கணக்கு எப்படி

பர்சா மலேசியாவில் பங்கு வாங்க இரண்டு கணக்கு வேண்டும். ஒன்று சிடிஎஸ் கணக்கு. உங்கள் பங்குகள் உங்கள் பெயரில் பதிவாகி இருக்கும் இடம் அது. இன்னொன்று, வாங்கவும் விற்கவும் தரகு நிறுவனத்தில் திறக்கும் கணக்கு. நூறு பங்கு ஒரு லாட். இன்றைக்கு வாங்கினால் இரண்டு சந்தை நாளில் பணம் கட்ட வேண்டும். 2019 ஏப்ரல் வரைக்கும் மூன்று நாளாக இருந்தது, பிறகு இரண்டாகக் குறைத்தார்கள்.

கையில் இருக்கிற காசுக்கு வாங்கிப் போட்டுவிட்டால், அதற்குப் பிறகு "வித்துடு" என்று யாரும் உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது. விலை பாதியாகட்டும், கால்வாசியாகட்டும், பங்கு உங்களுடையதுதான். காத்திருக்கலாம். பிடிக்கவில்லை என்றால் விற்கலாம். எப்போது என்பதை முடிவு செய்பவர் நீங்கள். இந்த ஒரு விஷயத்தை மனதில் பிடித்துக்கொள்ளுங்கள், பாடம் முழுக்க இதைத்தான் பார்க்கப்போகிறோம்.

பணம் கட்ட இருக்கும் அந்த இரண்டு நாளை வைத்தே விளையாடுகிறவர்களும் உண்டு. வாங்கிய பங்கைப் பணம் கட்டும் முன்பே விற்றுவிட்டு, வித்தியாசத்தை மட்டும் வாங்குவது அல்லது கட்டுவது. அதற்கு காண்ட்ரா என்று பெயர். 1993-இல் கோலாலம்பூர் சந்தை வெறிபிடித்து ஏறியபோது இந்தச் சொல்லைத் தெரியாத கோப்பிக் கடை நாட்டில் இருந்திருக்காது. அதுவும் ஒருவகையில் கடன்தான், ஆனால் இரண்டு மூன்று நாளில் முடிந்துவிடுகிற கடன். மார்ஜின் அப்படி இல்லை.

மார்ஜின் கணக்கு எப்படி

மார்ஜின் கணக்கில் தரகு நிறுவனமோ முதலீட்டு வங்கியோ உங்களுக்குக் கடன் தரும். ஈடாக நீங்கள் வைப்பது ரொக்கமோ, ஏற்கனவே வைத்திருக்கும் பங்குகளோ. அந்தக் கடனை வைத்து நீங்கள் வாங்குகிற பங்கும் ஈடாகவே அவர்களிடம் இருக்கும். சிடிஎஸ்-இல் அது உங்கள் நேர்ப்பெயரில் இருக்காது. அவர்களுடைய நாமினி நிறுவனத்தின் பெயரில், உங்களுக்காக அடகு வைக்கப்பட்ட கணக்கு என்று பதிவாகி இருக்கும்.

தம்பி காட்டிய விளம்பரத்தையே கணக்காகப் போடுவோம். காகிதமும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பணம் 10,000 வெள்ளி. கடன் 15,000. மொத்தம் 25,000. ஒரு பங்கு 5 வெள்ளி என்றால் 5,000 பங்கு, அதாவது 50 லாட்.

விலை 6 வெள்ளியாக ஏறினால் பங்குகளின் மதிப்பு 30,000. கடன் 15,000-ஐக் கழித்தால் உங்களுக்கு 15,000. போட்டது பத்து, வந்தது பதினைந்து. பங்கு 20 விழுக்காடு ஏறியது, உங்கள் பணம் 50 விழுக்காடு ஏறியது. விளம்பரத்தில் இந்த வரி மட்டும்தான் இருக்கும்.

விலை இறங்கினால் என்ன? இங்கேதான் ஒரு விகிதம் வருகிறது. ஈடாக இருப்பவற்றின் மதிப்பைக் கடனால் வகுத்து, நூறால் பெருக்குங்கள். தொடங்கும்போது 25,000-ஐ 15,000-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 167 விழுக்காடு. மலேசியாவில் பல ஆண்டுகளாகப் பழக்கத்தில் இருக்கும் எண்கள் 150, 130. விகிதம் 150-க்குக் கீழே போனால் மேற்கொண்டு ஈடு கேட்பார்கள். அதற்குத்தான் மார்ஜின் கால் என்று பெயர். வழக்கமாக மூன்று சந்தை நாள் தவணை. 130-க்குக் கீழே போய்விட்டால் உங்களைக் கேட்காமலே, அறிவிக்கக்கூடச் செய்யாமலே விற்கும் உரிமை அவர்களுக்கு வந்துவிடும். இதைச் சந்தையில் ஃபோர்ஸ் செல் என்பார்கள். உங்கள் ஒப்பந்தத்தில் இதைவிடக் கடுமையான எண்கள் இருக்கலாம். கையெழுத்துப் போடும் முன் அந்தப் பக்கத்தைத் தேடிப் படியுங்கள், உங்களைக் கட்டுப்படுத்துவது அதுதான்.

நம் கணக்கில் 150 விழுக்காடு என்பது 22,500 வெள்ளி. பங்கு ஒன்றுக்கு 4 வெள்ளி 50 காசு. ஐந்து வெள்ளிப் பங்கு ஐம்பது காசு இறங்குவதற்கு ஒரு வாரம்கூட வேண்டாம். 130 விழுக்காடு என்பது 19,500 வெள்ளி, பங்கு ஒன்றுக்கு 3 வெள்ளி 90 காசு. அங்கே விற்றுவிட்டால் கடன் போக உங்களுக்கு மிஞ்சுவது 4,500. பங்கு இறங்கியது 22 விழுக்காடு. உங்கள் பணம் போனது 55 விழுக்காடு. தரகுக் கட்டணத்தையும் வட்டியையும் நான் இன்னும் கழிக்கவில்லை.

இடையில் ஒரு நிலையையும் பார்ப்போம், ஏனென்றால் அழைப்பு வரும்போது பலர் தடுமாறுவது இங்கேதான். விலை 4 வெள்ளி 20 காசு. மதிப்பு 21,000, விகிதம் 140. மறுபடியும் 150-க்குக் கொண்டுவர மூன்று வழி. 1,000 வெள்ளி ரொக்கமாகக் கடனில் கட்டலாம். அல்லது 1,500 வெள்ளி மதிப்புள்ள வேறு பங்கை ஈடாக வைக்கலாம். இரண்டும் இல்லையென்றால் இருப்பதில் 3,000 வெள்ளிக்கு விற்றுக் கடனை அடைக்க வேண்டும். ரொக்கம் இல்லாதவன் மூன்று மடங்கு விற்கிறான், அதுவும் விலை இறங்கிக் கிடக்கும் நேரத்தில். ஆயிரம் வெள்ளிதானே என்று தோன்றலாம். மூன்று நாளுக்குள் ஆயிரம் வெள்ளி புரட்டுவது எப்படி என்பது மாதச் சம்பளக்காரருக்குத் தெரியும். இந்த நாட்டின் குறைந்தபட்சச் சம்பளமே 1,700 வெள்ளி. அதோடு அடுத்த வாரம் விலை இன்னும் இறங்கினால் இன்னொரு அழைப்பு வரும்.

இன்னொரு சின்ன விஷயம், யாரும் சொல்லித்தராதது. எல்லாப் பங்கையும் முழு விலைக்கு ஈடாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். சில பங்குகளுக்கு அவர்களே ஒரு உச்ச விலை வைத்திருப்பார்கள். சந்தையில் 5 வெள்ளி விற்றாலும் அவர்கள் கணக்கில் 3 வெள்ளி என்றுதான் வரும். சில பங்குகளை ஏற்கவே மாட்டார்கள். நாளைக்கே அந்தப் பட்டியலை மாற்றவும் ஒப்பந்தம் இடம் கொடுக்கும். விலை அசையாமலே உங்கள் விகிதம் இறங்கக் காரணமாகும் வழிகளில் இது ஒன்று.

மற்றொரு வழி வட்டி

வட்டி ஆண்டுக்கு 7 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். 15,000 வெள்ளிக்கு வருஷத்துக்கு 1,050. தினமும் கணக்கிட்டு மாதம் ஒருமுறை கடனோடு சேர்ப்பார்கள். கடனைப் புதுப்பிக்க அவ்வப்போது தனிக் கட்டணம் வாங்கும் நிறுவனங்களும் உண்டு. நீங்கள் வட்டியைக் கையிலிருந்து கட்டாமல் விட்டால் கடன் வளரும். ஒன்றரை வருஷம் தாண்டியதும் 15,000 என்பது 16,667-ஐத் தொட்டுவிடும். பங்கு விலை அதே ஐந்து வெள்ளியில், ஒரு காசுகூட இறங்காமல் நின்றாலும் விகிதம் அப்போது 150 ஆகிவிடும். சந்தை உங்களை ஒன்றும் செய்யவில்லை, காலண்டர் செய்துவிட்டது.

"டிவிடெண்ட் வருமே அண்ணா" என்பீர்கள். 4 விழுக்காடு கொடுக்கிற நல்ல பங்கு என்றால் 25,000 வெள்ளிக்கு 1,000 வெள்ளி வரும். வட்டி 1,050. வருகிற ஈவு முழுவதும் வட்டிக்கே போதவில்லை. அப்படியானால் இந்த ஏற்பாட்டில் லாபம் வர ஒரே வழி விலை ஏறுவது, அதுவும் சீக்கிரமாக ஏறுவது. பத்து வருஷம் வைத்திருக்கலாம் என்ற எண்ணத்தோடு மார்ஜினில் வாங்குகிறவர், நீண்டகாலப் பொருளைக் குறுகியகாலக் கடனில் வாங்குகிறார்.

அடகுக்கடையோடு ஒப்பிட்டால்

நம் ஆட்களுக்கு அடகு புதிதல்ல. பள்ளிக்கூடம் திறக்கும் ஜனவரியும் தீபாவளியும் வந்தால் எத்தனை வளையல்கள் அடகுக்கடைக்குப் போய்வந்திருக்கும்! அதனால் மார்ஜினைப் பற்றிக் கேட்டவுடன் "நகை அடகு மாதிரிதானே" என்று சொல்கிறவர்கள் உண்டு. மேலோட்டமாகப் பார்த்தால் அப்படித்தான் தெரியும். வித்தியாசம் பெரிது.

1972-ஆம் ஆண்டின் அடகுக்காரர் சட்டப்படி மாதம் 2 விழுக்காட்டுக்கு மேல் வட்டி வாங்கக்கூடாது, நகையை மீட்க ஆறு மாத அவகாசம் உண்டு. மார்ஜின் வட்டியைவிட இது மிக அதிகம்தான். ஆனால் அந்த ஆறு மாதத்தில் தங்கம் விலை இறங்கினாலும் கடைக்காரர் உங்களைக் கூப்பிட்டு, "இன்னும் ஒரு மோதிரம் கொண்டு வா" என்று கேட்பதில்லை. மீட்க முடியாமல் போனால் நகை மூழ்கிவிடும். மனசு வலிக்கும், அம்மா திட்டுவார், அதோடு கணக்கு முடிந்துவிடும்.

மார்ஜினில் ஈட்டை ஒவ்வொரு நாளும் எடை போடுகிறார்கள். மூழ்கினாலும் கணக்கு முடியாது. எப்படி என்று பாருங்கள். பர்சாவில் ஒரு வெள்ளிக்கு மேல் விற்கும் பங்கு ஒரே நாளில் அதிகபட்சம் 30 விழுக்காடுவரை இறங்கலாம். அந்த எல்லையைத் தொட்டு நிற்பதை லிமிட் டவுன் என்பார்கள். அங்கே விற்க ஆயிரம் பேர் நிற்பார்கள், வாங்க ஆள் இருக்காது. உங்கள் பங்கு நேற்று 4 வெள்ளி. இன்று 2 வெள்ளி 80 காசு. மதிப்பு 14,000, கடன் 15,000. எல்லாவற்றையும் விற்றபிறகும் 1,000 வெள்ளி பாக்கி. போட்ட பத்தாயிரம் போனது தனி. அந்தப் பாக்கிக்கு நீங்கள்தான் பொறுப்பு. கடன் கூடிக்கொண்டே போய் ஒரு லட்சம் வெள்ளியை எட்டினால் திவால் வழக்கு போடவும் சட்டம் இடம் தருகிறது.

2020 மார்ச்

கணக்கில் வந்த 22 விழுக்காடு நிஜத்தில் வருமா என்று கேட்பவர்களுக்காக ஒரு நிகழ்ச்சி. 2019 கடைசியில் நம் கேஎல்சிஐ குறியீடு 1,588 புள்ளியில் இருந்தது. கோவிட் வந்தது, நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. 2020 மார்ச் 19 அன்று குறியீடு 1,219-இல் முடிந்தது. இறக்கம் 23 விழுக்காடு. இது பெரிய 30 நிறுவனங்களின் சராசரி. சின்னப் பங்குகள் பல இதைவிட மோசமாக இறங்கின. அந்த மாதக் கடைசியில் பங்கு ஆணையமும் பர்சாவும் சேர்ந்து, விகிதம் 130-க்குக் கீழே போனாலும் உடனே விற்றே ஆகவேண்டும் என்பதில்லை என்று தரகு நிறுவனங்களுக்குத் தற்காலிகத் தளர்வு கொடுத்தன. கொடுக்க வேண்டிய அளவுக்கு நிலைமை இருந்தது என்பதைப் புரிந்துகொள்ளுங்கள். அந்தத் தளர்வும் தரகு நிறுவனத்தின் விருப்பத்துக்குத்தான், வாடிக்கையாளரின் உரிமையாக அல்ல.

பிறகு என்ன ஆனது? அதே 2020 டிசம்பர் கடைசியில் குறியீடு 1,627. ஆண்டு தொடங்கியபோது இருந்ததைவிட அதிகம்! சொந்தக் காசுக்கு வாங்கி, பயந்து விற்காமல் சும்மா உட்கார்ந்திருந்தவர் ஒன்பது மாதத்தில் பழைய இடத்துக்கு வந்துவிட்டார். முழுக் கடனில் வாங்கியவர் மார்ச்சிலேயே வெளியேற்றப்பட்டிருப்பார். இரண்டு பேரும் ஒரே பங்கை, ஒரே நாளில், ஒரே விலையில் வாங்கியிருக்கலாம். இரண்டு பேருடைய கணிப்பும் சரிதான். ஒருவரிடம் காத்திருக்கும் உரிமை இருந்தது, இன்னொருவர் அதைக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். மார்ஜின் கணக்கில் நீங்கள் கொடுக்கும் உண்மையான விலை வட்டி இல்லை, இதுதான்.

எல்லா இறக்கமும் ஒன்பது மாதத்தில் சரியாகிவிடும் என்றும் நினைக்காதீர்கள். 1997 பிப்ரவரியில் 1,270-ஐத் தாண்டி இருந்த குறியீடு 1998 செப்டம்பர் 1 அன்று 262-இல் வந்து நின்றது. ஐந்தில் நான்கு பங்கு போய்விட்டது. கடனில் பங்கு வாங்குவது அளவு மீறிவிட்டது என்று பேங்க் நெகாராவுக்கு அதற்கு முன்பே தெரிந்திருக்கிறது. 1997 ஏப்ரல் முதல், வர்த்தக வங்கிகள் தங்கள் கடனில் 15 விழுக்காட்டுக்கு மேல் பங்கு வாங்குவதற்குக் கொடுக்கக்கூடாது என்று கட்டுப்பாடு போட்டார்கள். சில மாதங்களில் நெருக்கடி வந்துவிட்டது. அமெரிக்காக்காரனும் இதே பாடத்தைத்தான் படித்தான். 1929-க்கு முன் அங்கே பத்து விழுக்காடு கையிருப்பு இருந்தால் போதும், மீதி கடன். சந்தை விழுந்த பிறகு, 1934-இல் சட்டம் போட்டுக் கடன் அளவைக் கட்டுப்படுத்தும் அதிகாரத்தை மத்திய வங்கிக்குக் கொடுத்தார்கள். 1974 முதல் இன்றுவரை அங்கே பாதிப் பணமாவது உங்களுடையதாக இருக்க வேண்டும்.

நம் வீட்டில் நடந்தது

பங்குக்காகக் கடன் என்றதும் நம் பக்கத்துப் பெரியவர்களுக்கு நினைவு வருவது வேறொன்று. மைக்கா ஹோல்டிங்ஸ். 1982-இல் இந்தியர்களின் பொருளாதாரப் பங்கை உயர்த்த என்று தொடங்கப்பட்டது. ஏறக்குறைய 66,000 பேர் சேர்ந்து 10 கோடியே 60 லட்சம் வெள்ளி போட்டார்கள். வகுத்துப் பார்த்தால் ஆளுக்குச் சராசரியாக 1,600 வெள்ளி. அன்றைய தோட்டத் தொழிலாளிக்கு அது பல மாதச் சம்பளம். நகையை அடகு வைத்தவர்களும் கடன் வாங்கியவர்களும் அதில் நிறைய. நிறுவனம் பங்குச் சந்தையில் பட்டியலிடப்படவே இல்லை. கடைசியில் 2010-இல், ஒரு வெள்ளிக்கு வாங்கிய பங்கை 80 காசுக்கு எடுத்துக்கொள்வதாக ஜி டீம் என்ற நிறுவனம் முன்வந்தது. அதற்குள் பங்கு வாங்கியவர்களில் எத்தனையோ பேர் இல்லை. பிள்ளைகள் சான்றிதழைத் தேடி எடுத்துக்கொண்டு போனார்கள்.

அதில் யார் என்ன செய்தார்கள் என்ற அரசியலுக்குள் நான் போகவில்லை, அது வேறு கட்டுரை. நம் பாடத்துக்கு வேண்டியது இது. மைக்காவில் யாரும் மார்ஜின் கால் கொடுக்கவில்லை, யார் பங்கையும் கட்டாயமாக விற்கவும் இல்லை. காத்திருக்கும் உரிமை 28 வருஷமும் இருந்தது. ஆனால் பட்டியலிடாத பங்கு, நினைத்தபோது விற்க முடியாது. நகைக் கடன் மட்டும் மாதாமாதம் ஓடியது. மார்ஜினில் நிலைமை தலைகீழ்: நினைத்த நொடியில் விற்கலாம், அதனால்தான் உங்களைக் கேட்காமல் அவர்களாலும் விற்க முடிகிறது. இரண்டிலும் கடனுக்கு ஒரு தவணை, பங்குக்கு வேறொரு தவணை, இரண்டும் ஒத்துப்போகவில்லை. ஆகவே பெரியவர்கள் "மைக்காவுல பட்டது போதும், பங்கே வேணாம்" என்று சொல்லும்போது அதைக் கொஞ்சம் திருத்திப் புரிந்துகொள்ளலாம். பங்கு வேண்டாம் என்பதைவிட, கடனில் வேண்டாம் என்பது அவர்கள் அனுபவத்துக்கு நெருக்கமானது. வள்ளுவரும் தெரிந்துசெயல்வகை அதிகாரத்தில், வரப்போகும் ஆதாயத்தை எண்ணிக் கையிலிருக்கும் முதலையே பறிகொடுக்கும் காரியத்தில் அறிவுடையவர் இறங்கமாட்டார் என்கிற பொருளில் சொல்லியிருக்கிறார்.

மற்றவர்களின் மார்ஜினும் உங்களைத் தொடும்

நீங்கள் மார்ஜின் கணக்கே திறக்காவிட்டாலும் இந்தப் பாடம் பயன்படும். ஒரு நிறுவனத்தின் ஆண்டறிக்கையைக் கையில் எடுங்கள், பர்சாவின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கும். கடைசிப் பக்கங்களில் முதல் முப்பது பங்குதாரர்களின் பட்டியல் இருக்கும். அதில் சில பெயர்களுக்கு முன்னால் ஏதாவதொரு நாமினி நிறுவனத்தின் பெயரும், 'பிளெட்ஜ்ட் செக்யூரிட்டீஸ் அக்கவுண்ட்' என்ற வார்த்தைகளும் இருக்கும். அந்தப் பங்குகள் கடனுக்கு ஈடாக இருக்கின்றன என்று பொருள். ஒன்றிரண்டு பேருக்கு அப்படி இருப்பது சாதாரணம். ஆனால் நிறுவனத்தை நடத்துகிற முதலாளியின் பங்கே பெரும்பகுதி இப்படி அடகில் இருந்தால் நான் இரண்டு தடவை யோசிப்பேன். விலை கொஞ்சம் சறுக்கினால் அவருக்கு அழைப்பு போகும். அவரால் முடியவில்லை என்றால் அவருடைய பங்கைச் சந்தையில் கொட்டுவார்கள். அது விலையை இன்னும் இறக்கும். அது அடுத்தவருக்கு அழைப்பாகும். ஒரே வாரத்தில் ஒரு பங்கு லிமிட் டவுன் மேல் லிமிட் டவுனாகப் போவதற்குப் பின்னால் பலமுறை இருப்பது இந்தச் சங்கிலிதான். செய்தியில் "காரணம் தெரியவில்லை" என்று வரும்.

இன்னொன்று. "உன் பேர்ல ஒரு மார்ஜின் கணக்கு மட்டும் திறந்து கொடு தம்பி, பணமெல்லாம் நான் போடுறேன், மாசம் உனக்கு ஒரு தொகை" என்று மாமாவோ, முதலாளியோ, கோயில் கமிட்டியில் தெரிந்தவரோ கேட்டால், முகம் முறிந்தாலும் பரவாயில்லை, மறுத்துவிடுங்கள். கடன்காரர் நீங்கள். அழைப்பு உங்களுக்கு. பாக்கியும் உங்களுக்கு. ஜாமீன் கையெழுத்துக்கும் இதே பதில்தான்.

அப்படியானால் யாருக்குத்தான் இது?

மார்ஜினே பாவம் என்று நான் சொல்லவில்லை. ஏற்கனவே பத்தாயிரம் வெள்ளிக்குச் சொந்தப் பங்கு வைத்திருக்கும் ஒருவர் 3,000 வெள்ளி மட்டும் கடன் எடுத்தால் அவருடைய விகிதம் 433. 130-க்கு இறங்க அவருடைய பங்குகள் 70 விழுக்காடு விழ வேண்டும். அவர் நிம்மதியாகத் தூங்கலாம். எவ்வளவு தருவார்கள் என்பது ஒன்று, எவ்வளவு எடுக்கலாம் என்பது வேறு. விளம்பரம் முதலாவதைத்தான் சொல்லும்.

என் கருத்தைக் கேட்டால், ஆறு மாதச் செலவுக்குச் சேமிப்பு இல்லாதவர், மோட்டார் சைக்கிளுக்கோ காருக்கோ இன்னும் தவணை கட்டிக்கொண்டிருப்பவர், தங்கச்சி கல்யாணத்துக்கென்று பணத்தை ஒதுக்கி வைத்திருப்பவர், இவர்கள் யாரும் இந்தப் பக்கம் வர வேண்டாம். இபிஎஃப்-இல் 2024 மே மாதம் முதல் நினைத்தபோது எடுக்கக்கூடிய மூன்றாவது கணக்கு ஒன்று இருக்கிறது. அதை எடுத்து மார்ஜினுக்கு முன்பணமாகப் போடலாமா என்று கேட்ட ஒருவரிடம் நான் காட்டமாகவே பேசிவிட்டேன், அது இருக்கட்டும். சொந்தக் காசில், சாதாரணக் கணக்கில், மாதம் ஒரு லாட் வாங்கிப் பழகுங்கள். இரண்டு மூன்று வருஷம் ஏற்ற இறக்கத்தைப் பார்த்தபிறகு, இந்தக் கட்டுரையில் உள்ள கணக்குகளைப் பார்க்காமல் போட முடிந்தால், அப்போது யோசிக்கலாம்.

வகுப்பில் சேர்ந்து போட ஒரு கணக்கு: ஒரு தங்கச்சியிடம் 8,000 வெள்ளி மதிப்புள்ள வங்கிப் பங்கு இருக்கிறது. அதை ஈடாக வைத்து 4,000 வெள்ளி கடன் எடுத்து, அதே பங்கை மேலும் வாங்குகிறார். 150 விழுக்காட்டைத் தொட மொத்த மதிப்பு எவ்வளவுக்கு இறங்க வேண்டும்? 130-க்கு எவ்வளவு? விடை 6,000, 5,200. தொடக்க மதிப்பு 12,000 என்பதால் முதலாவதுக்குப் பாதி இறங்க வேண்டும், இரண்டாவதுக்கு 57 விழுக்காடு. இப்போது கடனை 12,000 என்று மாற்றி மறுபடி போட்டுப் பாருங்கள். மொத்தம் 20,000; 10 விழுக்காடு இறங்கினால் 150, 22 விழுக்காடு இறங்கினால் 130. மேலே பார்த்த தம்பியின் எண்களே திரும்ப வரும். பங்கு மாறவில்லை, அளவு மட்டும் மாறியது.

ஏற்கனவே மார்ஜின் கணக்கு வைத்திருக்கிறீர்களா? இந்த வாரமே தரகரிடம் மூன்று விஷயம் கேளுங்கள்: இன்றைய விகிதம் எவ்வளவு, எந்த விகிதத்தில் அழைப்பு, எந்த விகிதத்தில் விற்பனை. அழைப்பு எந்த எண்ணுக்கு, எந்த மின்னஞ்சலுக்கு வரும் என்பதையும் சரிபாருங்கள். சிம் கார்டை மாற்றிவிட்டுச் சொல்லாமல் இருந்தால் "எனக்குத் தெரியாது" என்பது அங்கே எடுபடாது. புதிதாகத் திறக்கப்போகிறவர்கள், அந்த நிறுவனம் பங்கு ஆணையத்தின் உரிமம் பெற்றதா என்று ஆணையத்தின் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். உரிமம் இல்லாதவர்களின் எச்சரிக்கைப் பட்டியலும் அங்கேயே இருக்கிறது. டெலிகிராம் குழுவில் "நூறு மடங்கு கடன் தருகிறோம்" என்பவர்கள் பெரும்பாலும் அந்தப் பட்டியலில்தான் இருப்பார்கள். உரிமம் உள்ள நிறுவனத்தோடு தகராறு வந்து, அவர்கள் பதிலில் திருப்தி இல்லையென்றால், 2025 ஜனவரி முதல் நிதிச் சந்தைகளுக்கான ஒம்புட்ஸ்மன் அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம். கடன் கைமீறிப் போனவர்களுக்கு ஏகேபிகே இருக்கிறது. ஆலோசனை இலவசம், வெட்கப்படாமல் முதல் மாதத்திலேயே போங்கள், பன்னிரண்டாவது மாதத்தில் அல்ல.